மின்னல் காத்திருந்த பெஞ்சு

செம்பாளூர் மின்சார அலுவலகத்தின் அதிகாரி மாறுதலாகிப் போய், அவர் இடத்துக்கு யாரும் வராமல், அவருடைய நாற்காலியின் முதுகில் கிடந்த பூத்துவாலை மட்டுமே அவர் சார்பில் அலுவலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த வருஷத்தில், ஆனி மாதத்து மத்தியானம் ஒன்றில், வயர்மேன் செவந்தியப்பன் தூக்குவாளியைத் திறந்து தயிர்ச்சோற்றில் கைவைத்த நேரம் பார்த்து, மின்னல் வாசல் வழியாக உள்ளே வந்து, பணம் கட்ட வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சில் சாய்ந்து நின்று, "எங்கே?" என்று கேட்டது.

அது பார்க்க எப்படி இருந்தது என்று பிற்பாடு கேட்டவர்களுக்கெல்லாம் அவர் ஒரே பதிலைத்தான் சொன்னார். வெள்ளைக் கம்பு மாதிரி இருந்தது, ஆனால் கம்பு இல்லை. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கூடுதல், டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் நின்றால் கேட்குமே அந்த முனகல், இஸ்திரிப் பெட்டியில் துணி கருகும்போது வருகிற வாசனை, அவ்வளவுதான். அவருடைய கை முடியெல்லாம் எழுந்து நின்றது. கரண்ட் இல்லாமல் கிடந்த மின்விசிறி தானாகச் சுற்றியது. கவுண்டரில் உட்கார்ந்திருந்த புஷ்பலதா மேடம் தலையை நிமிர்த்தாமல், "வரிசையில வாங்க" என்றார்.

காலையிலிருந்து கம்பம் கம்பமாக ஏறி இறங்கியதில் கால் கடுத்துப்போய், பசி காதை அடைத்துக்கொண்டிருந்த செவந்தியப்பன், சோற்றில் வைத்த கையை எடுக்காமலே, "எங்கயாச்சும் கண்மாயில போய் விழு, ஆளை விடு" என்றார். நம் ஊரில் யாருமே கேட்காத கேள்விக்கு நம் ஊரில் எல்லாருமே சொல்லுகிற பதில் அது. மின்னல் வாசலைத் தாண்டி, டீக்கடையைத் தாண்டி, ரைஸ்மில் முக்கில் திரும்பி, நடந்துபோகிற ஆள் மாதிரியே போய்க் கண்மாயில் விழுந்தது. பின்னாலேயே மழை வந்தது. மழை விட்டதும் பார்த்தால் கண்மாய் மீன் அத்தனையும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது.

மீன் குத்தகை எடுத்திருந்த ராவுத்தர் நனைந்த கைலியோடு அலுவலகத்துக்கு வந்தார். கத்துவார் என்று எல்லாரும் கூடி நின்றார்கள். அவர் கத்தவில்லை, பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்.

"இம்புட்டு வருசமா விழுந்துச்சு. மாடு போச்சு, தென்னை போச்சு, யாரையும் நாங்க கேக்கல. ஆண்டவன் விட்டதுன்னு இருந்துட்டோம். இப்ப நீங்க சொல்லி விழுந்துருக்கு செவந்தி. டீக்கடையில அத்தனை பேரும் பாத்துருக்காங்க. இனிமே நான் யாரைக் கேக்குறது, சொல்லுங்க."

செவந்தியப்பன் தூக்குவாளியை மூடி வைத்தார். அன்றைக்கு ராத்திரி செம்பாளூரில் எல்லா வீட்டிலும் மீன்குழம்பு. செவந்தியப்பன் செய்தது தப்புதான் என்று குழம்பை வழித்துக்கொண்டே எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

மின்னல் ஏன் வந்து கேட்டது என்பதைப் பற்றி ஊரில் ரொம்பப் பேச்சில்லை. அதிகாரி இல்லாத அலுவலகம், கேட்பாரில்லாமல் இருக்கிறதே என்று கேட்க வந்திருக்கும் என்றார் ஒருவர், அந்த அளவோடு சரி. அது அடுத்த மழைக்கும் வந்தது, அதற்கடுத்த மழைக்கும் வந்தது. மேகத்துக்குள்ளேயே ஓடிப்பிடித்து விளையாடுகிற மின்னல்கள் வருவதில்லை, தரையில் விழவேண்டிய மின்னல்கள்தான் வந்தன, அதிலும் செம்பாளூர் பிரிவு எல்லைக்குள் விழவேண்டியவை மட்டும்தான் வந்தன. பக்கத்துப் பிரிவில் அவை பழையபடி இஷ்டத்துக்கு விழுந்துகொண்டிருந்தன.

மேலே தகவல் போனது. மேலே என்றால் மாவட்டத் தலைமை அலுவலகம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒரு வேலையை முதலில் எவன் தொட்டானோ அந்த வேலை அவனுடையது. ஆடி பிறந்ததும் உத்தரவு வந்தது. பொதுமக்கள் நலன் கருதி மேற்படி மின்னல் தொடர்பான பணிகளை, தமது வழக்கமான பணிகளுக்கு ஊறு நேராவண்ணம், வயர்மேன் திரு. செவந்தியப்பன் கூடுதலாகக் கவனித்து வருவார் என்றும், இதன் பொருட்டுத் தனி ஊதியமோ படியோ கோர அவருக்கு உரிமை இல்லை என்றும் அதில் கண்டிருந்தது. புஷ்பலதா மேடம் அதை உரக்கப் படித்துக் காட்டி, "வாழ்த்துக்கள் செவந்தியண்ணே" என்றார். அவர் கேலி செய்கிறாரா நிஜமாகவே சொல்கிறாரா என்பது அவர் முகத்தில் எப்போதுமே தெரியாது.

வீட்டில் மனைவி இந்திராணிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "வானத்துல இருக்குற இடியையே தூக்கி உங்க கையில குடுத்துருக்காங்க, ஒரு இன்கிரிமெண்ட் குடுக்க மனசு வரலையா அவுகளுக்கு? போன் போட்டுக் கேளுங்க."

கேட்டார். மறுமுனையில் பெரிய அதிகாரி அன்பாகவே பேசினார். "செவந்தியப்பன், எனக்கே கிடைக்காத பொறுப்பு உங்களுக்குக் கிடைச்சிருக்கு. இதுல போய் சம்பளத்தைப் பார்க்கலாமா? உங்களை நம்பித்தானே கொடுத்திருக்கோம்." போனை வைத்த பிறகு வெகுநேரம் அவருக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது, பிறகுதான் ஏமாந்துபோனோம் என்பது உறைத்தது.

ஆனால் மரியாதைக்குக் குறைவில்லை. ஏய் வயர்மேன் என்று தெருமுனையிலிருந்து கூப்பிட்டவர்கள் ஐயா என்று கிட்டத்தில் வந்து பேசினார்கள். கல்யாண வீட்டில் முதல் பந்தியில் இலை போட்டார்கள். டீக்கடையில் அவர் நுழைந்தால் பேச்சு நின்று, அவர் உட்கார்ந்த பிறகு வேறு பேச்சு தொடங்கியது. அடைக்கு வைத்த முட்டைக்கு நடுவில் இடிக்குப் பயந்து இரும்பு ஆணி போட்டு வைக்கிற பெண்கள் அந்த ஆணியை எடுத்துவிட்டார்கள். இடி இடித்தால் காதைப் பொத்திக்கொண்டு "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று சொல்லுவது காலகாலமாக அந்தப் பக்கத்து வழக்கம். அது அந்த ஆடி ஆவணிக்குள் தேய்ந்து மாறி, எங்கோ பக்கத்துப் பிரிவில் இடித்தால்கூட, பெரியவர்களும் குழந்தைகளும் காதைப் பொத்திக்கொண்டு "செவந்தி, செவந்தி" என்றார்கள். இந்திராணிக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. கட்டின புருஷன் பேரை ஊரே இப்படிச் சொன்னால் அவள் எதைச் சொல்லுவாள்?

மரியாதைக்குப் பின்னாலேயே ஆட்கள் வந்தார்கள். என் மாமரத்தை விட்டுடுங்க, என் போர்செட்டை விட்டுடுங்க, என் மாட்டுக் கொட்டகையை விட்டுடுங்க. விட்டுடுங்க என்று வந்தவர்களுக்கு நடுவே, பங்காளியின் தென்னந்தோப்பைக் கையைக் காட்டிவிட்டு, நான் ஒன்றும் சொல்லவில்லை, உங்கள் இஷ்டம் என்று சொல்லிப் போனவர்களும் உண்டு. அப்படி வந்தவர்களைச் செவந்தியப்பன் பங்காளியையும் கூட்டிக்கொண்டு வரச்சொன்னார், யாரும் வரவில்லை. விட்டுடுங்க என்றவர்களிடம் சரி என்றார். சரி என்று சொன்னதும் அவர்கள் வீட்டுக்குப் போய், மறந்துவிடப் போகிறாரே என்று, மரத்தைச் சுற்றிச் சுண்ணாம்பால் ஒரு வளையம் பூசினார்கள். முதலில் மரத்துக்குப் பூசினார்கள், பிறகு வீட்டுச் சுவரில், கிணற்றுக் கட்டில், கோயில் தேர்முட்டியில், நிழற்குடையில். ரோட்டோரப் புளியமரங்களுக்கு வெள்ளையடிக்கிற மாதிரி ஊர் முழுக்க வளையம் ஏறியது. மின்னலுக்கு வளையம் தெரியுமா என்று யாரும் யோசிக்கவில்லை. செவந்தியப்பனுக்குத் தெரிந்தால் போதும் என்று இருந்துவிட்டார்கள்.

அவர் மின்னலை அனுப்பியதெல்லாம் கிழக்குப் பொட்டலுக்கு. யாருக்கும் சொந்தமில்லாத செம்மண் தரை, நடுவில் ஒற்றைப் பனை. "பொட்டலு" என்பார், அது போகும். மறுநாள் காலையில் அங்கே காளான் முளைத்துக் கிடக்கும். இடி விழுந்த இடத்தில் காளான் என்பது ஊருக்குத் தெரிந்த கணக்கு, ஆனால் எங்கே விழும் என்பது முன்பு தெரியாதே. இப்போது பெண்கள் கூடையோடு நேரே பொட்டலுக்குப் போனார்கள். கொஞ்ச காலம் எல்லாருக்கும் எல்லாம் சரியாக இருந்தது, சம்பளம் ஒன்றைத் தவிர.

லீவு மட்டும் போட முடியவில்லை. கரூரில் கட்டிக்கொடுத்த மகளுக்கு வளைகாப்பு வந்தது. ஒரு நாள்தானே என்று இந்திராணியோடு பஸ் ஏறினார். இங்கே மேகம் வந்து ஊருக்கு மேல் நின்றது. மின்னல் வந்து பெஞ்சில் சாய்ந்தது, பதில் சொல்ல ஆளில்லை, அடுத்தது வந்து பக்கத்தில் சாய்ந்தது, பெஞ்சு நிறைந்து வாசல்வரை வரிசையானது. புஷ்பலதா மேடத்துக்குத் தலைமுடி நட்டுக்கொண்டு நின்றது. மின்னல் போகாமல் மழை இறங்காது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. நாற்றங்கால் காய்கிறது என்று கரூருக்குப் போன் மேல் போன். மகள் கையில் வளையல் அடுக்குவதற்குள் அவர் எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலத்தோடு திரும்ப பஸ் ஏறிவிட்டார். மகள் அழுததை இந்திராணி பிற்பாடு சொன்னாள். அவருக்கும் அழுகை வந்தது, ஆனால் அப்போது வாசலில் மின்னல் நின்றது.

ஆவணி முடிகிற சமயம் ஒரு மத்தியான மழைக்குப் பிறகு, வள்ளிக்கண்ணு அலுவலகத்துக்கு வந்தாள். புறம்போக்கில் ஒரு குடிசை போட்டுக்கொண்டு, சொந்தத்துக்கும் கூலிக்குமாக ஆடு மேய்க்கிறவள். புருஷன் திருப்பூர் போனவன் போனவன்தான். அவள் கரண்ட் இல்லாத வீட்டுக்காரி என்பதால் அலுவலகத்துக்குள் அவள் வந்தது அதுதான் முதல் தடவை. பெஞ்சில் உட்காரச் சொன்னதற்கு உட்காராமல், கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பொட்டல்லதான்ணே ஆடு நின்னுச்சு. பனைக்கி அடியில. நான் ஓடைக்கித் தண்ணி குடிக்கப் போயிருந்தேன்."

செவந்தியப்பன் எழுந்தார். "அது யாருக்கும் சொந்தமில்லாத எடம்னுதான்..."

"யாருக்கும் சொந்தமில்லைன்னாத்தானே நாங்க அங்க மேய்க்க முடியும்" என்றாள் வள்ளிக்கண்ணு. அவள் குரலில் சண்டை இல்லை, விஷயத்தை விளக்குகிற குரலாக இருந்தது. "விழுகட்டும்ணே. விழுகத்தானே செய்யும். எனக்கு ஒரு வார்த்தை சொல்லிருந்தா ஓட்டிக்கிட்டுப் போயிருப்பேன்ல?"

இதைக் கேட்டதும் செவந்தியப்பனுக்கு உடம்பெல்லாம் வெட்கமாகிவிட்டது. காரணம் அவருடைய தொழிலில் அதுதான் முதல் பாடம். கம்பத்தில் ஒரு ஆள் ஏறியிருக்கும்போது கீழே எவனும் சொல்லாமல் லைன் கொடுக்கமாட்டான். லைனை நிறுத்தச் சொல்லி, நிறுத்திவிட்டேன் என்று மறுமுனை சொல்லக் கேட்டு, அப்புறமும் சோதித்துப் பார்த்துத்தான் கம்பியில் கை வைப்பார்கள். எத்தனையோ மழையில், எத்தனையோ காற்றில், ஒருநாள்கூட அதைத் தவறவிடாத மனுஷன், மின்னலை மட்டும் ஒரு வார்த்தை சொல்லாமல் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார்.

அன்றிலிருந்து அவருடைய வேலை இரட்டிப்பானது. மின்னல் வந்து "எங்கே?" என்று கேட்டால், "இரு" என்பார். அது பெஞ்சில் சாய்ந்து முனகிக்கொண்டே காத்திருக்கும். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு பொட்டலுக்குப் போய், ஆடு மாடு நிற்கிறதா, காளானுக்கு யாராவது குனிந்திருக்கிறார்களா என்று பார்த்து, ஓடைக்கரை வரை கூப்பிட்டுச் சொல்லி, அவர்கள் தள்ளிப்போனதைக் கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துதான் இடம் சொல்லுவார். மேகம் அதுவரை ஊருக்கு மேலே நிற்கும். மழை தாமதமாகிறது என்று விவசாயிகள் முணுமுணுத்தார்கள். உத்தரவில் சைக்கிளைப் பற்றி ஒன்றும் இல்லையே என்று புஷ்பலதா மேடம் கேட்டார். "அதுல இல்லதான்" என்றார் செவந்தியப்பன்.

புரட்டாசியில் பொட்டலுக்கு ஒரு புல்டோசர் வந்தது. பனை ஏற்கெனவே கருகித் தூராகியிருந்தது, அதையும் தோண்டிப் போட்டார்கள். யாருக்கும் சொந்தமில்லாத நிலத்துக்கு ஒரு சொந்தக்காரர் எங்கிருந்தோ வந்து, மஞ்சள் கல் நட்டு, வரிசையாகக் கொடி கட்டி, நகர் என்று ஒரு பெயரும் வைத்து மனை விற்றார். மனை வாங்கியவர்கள் வாங்கிய கையோடு ஒவ்வொரு கல்லையும் சுற்றிச் சுண்ணாம்பு வளையம் போட்டார்கள். இனி மின்னலை எங்கே அனுப்புவது என்று செவந்தியப்பன் சைக்கிளில் ஊர் முழுக்கச் சுற்றினார். கண்மாயில் ராவுத்தர் மடையைச் சுற்றி வளையம் போட்டிருந்தார். சுடுகாட்டுக் கொட்டகையில் வளையம். கல்குவாரியில் வளையம். ஓடைப் பாலத்தில் வளையம். நாய்க்கு வளையம் பூசியிருந்த வீடும் ஒன்று இருந்தது. மின்கம்பங்களுக்குப் பூசியிருந்ததைப் பார்த்தபோதுதான் அவருக்குச் சிரிப்பு வந்தது. அவருடைய சொந்த வீட்டு முருங்கைக்குக்கூட, அவருக்குத் தெரியாமல் இந்திராணி ஒரு வளையம் போட்டு வைத்திருந்தாள். கேட்டதற்கு, "ஊருல ஒருத்தரும் விடல, நம்ம மட்டும் என்ன?" என்றாள்.

ஐப்பசியில் அந்த மேகம் வந்தது. செம்பாளூர்க்காரர்கள் அப்படி ஒரு மேகத்தைப் பார்த்ததில்லை. பயிர் கதிர் விடப் பொதி கட்டி நிற்கிறது, கண்மாய் தூர் தெரியக் கிடக்கிறது, மேகம் ஊரை மூடிப் பகலை மங்கலாக்கிக்கொண்டு அசையாமல் நிற்கிறது. வந்த மின்னலும் சாதாரண மின்னல் இல்லை. நிலைப்படியில் குனிந்துதான் உள்ளே வந்தது. பெஞ்சில் அது சாய்ந்ததும் பெஞ்சு கறுத்தது. "எங்கே?" என்றது.

"இரு" என்றார் செவந்தியப்பன். ஆனால் எங்கே போய்ப் பார்ப்பது, யாரிடம் போய்ச் சொல்லுவது என்று தெரியாமல் அப்படியே நின்றார்.

வாசலில் ஊர் கூடிவிட்டது. வார்டு கவுன்சிலர் கலியமூர்த்தி வெள்ளைச் சட்டையோடு முன்னால் வந்தார். "செவந்தி, ரொம்ப யோசிக்காதீங்க. வளையம் போடாத எடம் ஊருல ஒண்ணுதான் பாக்கி. வள்ளிக்கண்ணு குடிசைகிட்ட நிக்குதுல்ல, அந்தப் புளியமரம். நான் ஆளு விட்டுப் பாத்துட்டேன். வளையம் கெடையாது."

"அவ வீடு அதுக்கு அடியிலதானே இருக்கு."

"வீடா அது? கீத்து. வேற கீத்துப் போட்டுக் குடுத்துருவோம். நான் பொறுப்பு" என்றார் கலியமூர்த்தி, அந்தப் பொறுப்புக்கும் சம்பளம் இல்லை என்பது அவருக்குத் தெரியும். யாரும் மறுத்துப் பேசவில்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, பயிர் காய்கிறவர்கள்.

செவந்தியப்பன் சைக்கிளை எடுத்தார். போகும் வழி முழுக்க அவர் தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டு போனார். அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லத்தானே போகிறோம். அவள் கேட்டது அவ்வளவுதானே. சொன்னால் போதும் என்றுதானே அவள் சொன்னாள்.

வள்ளிக்கண்ணு குடிசை வாசலில் தழை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். மிஞ்சிய ஆடுகள் புளியமரத்தைச் சுற்றி நின்றன. மரத்தில் வளையம் இல்லை.

"ஒரு வளையம் போட்டுருக்கலாம்ல?" என்றார், வந்த விஷயத்தைச் சொல்ல வாய் வராமல்.

"சுண்ணாம்பு வாங்கப் போனேன்ணே. கடையில தீந்து போச்சு." அவள் வானத்தைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். "இங்கதானா?"

அவர் தலையை ஆட்டினார்.

"வந்து சொன்னீங்களே, அது போதும்" என்றாள் வள்ளிக்கண்ணு. உள்ளே போய் ஒரு சேலை மூட்டையையும் சட்டியையும் எடுத்து வந்தாள். அடுப்புத் தணலில் தண்ணீர் ஊற்றினாள். தீப்பெட்டியை மடியில் செருகிக்கொண்டாள். ஆடுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, கயிறுகளைச் சேர்த்து ஒரு கையில் பிடித்துக்கொண்டு, வாசலைத் தாண்டி, பாதைக்கு வந்து, மேற்கே பார்த்து, கிழக்கே பார்த்து, பொட்டல் இருந்த பக்கத்தில் கட்டியிருந்த கொடிகளைப் பார்த்து, அப்புறம் அவரிடம் திரும்பி, வழி கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டாள்.

"எங்கண்ணே?"

செவந்தியப்பன் அந்தக் கேள்வியை அந்த வருஷம் முழுக்கக் கேட்டிருந்தார். ஒருதடவைகூடப் பதில் சொல்லாமல் இருந்ததில்லை. ஊர் முழுக்க அவருக்குத் தெரியும், எந்தக் கம்பத்துக்கு எந்தத் தெருவிலிருந்து லைன் வருகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். அந்த ஊரில் அவளும் அவள் ஆடுகளும் நிற்கிறதற்கு ஓர் இடம் அவருக்குத் தெரியவில்லை.

"நீ எங்கயும் போகவேணாம். ஆட்டைக் கட்டு" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார்.

திரும்பி வந்தவர் வாசலில் கூடியிருந்தவர்களைத் தாண்டி உள்ளே நுழைந்தார். நேரே போய் அலுவலகத்துக்கு வருகிற லைனின் ஃபியூஸ் கட்டைகளைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். புஷ்பலதா மேடத்திடம், "மேடம், பணப்பெட்டியை எடுத்துக்கிட்டு டீக்கடைக்குப் போயிடுங்க" என்றார். கழிப்பறைக் கதவைத் தட்டிப் பார்த்தார். அதிகாரியின் அறையைத் திறந்து, மேஜைக்கு அடியில் படுத்திருந்த பூனையைத் தூக்கி வெளியே விட்டார். சுற்றுச்சுவர், கதவு, கூரை எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தார். எங்கேயும் வளையம் இல்லை. தன்னுடையது என்று அந்தக் கட்டடத்தை அதுவரை யாரும் நினைத்திருக்கவில்லை. வாசலில் நின்றவர்களிடம், "எல்லாரும் ரோட்டுக்கு அந்தப் பக்கம்" என்றார். கலியமூர்த்தி என்னவோ கேட்க வந்தார். செவந்தியப்பன் முகத்தைப் பார்த்ததும் அவரும் ரோட்டைக் கடந்தார்.

பிறகு மின்னலிடம் வந்தார். "ரொம்ப நேரம் நிக்க வச்சிட்டேன்" என்றார். அதிகாரி அறையைக் காட்டினார். "அந்த நாற்காலி."

அவர் டீக்கடை தார்ப்பாய்க்கு அடியில் வந்து சேரும்வரை அது காத்திருந்தது. அதன்பின் ஊர் வெள்ளையானது. சத்தமும் கூடவே வந்தது. கூரை போய், பூத்துவாலை போய், நாற்காலி போய், அறை நாலு சுவராக நின்றது. மழை ராத்திரி தாண்டியும் பெய்தது. கண்மாய் நிரம்பி மறுகால் போனது. மறுநாள் காலையில் அதிகாரி அறையின் உடைந்த தரை நெடுகக் காளான் முளைத்திருந்தது. வள்ளிக்கண்ணு கூடையோடு வந்து பறித்து, பாதியைச் செவந்தியப்பன் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனாள்.

மேலே இருந்து முதலில் விளக்கம் கேட்டு வந்தது. அப்புறம் ஓர் உத்தரவு வந்தது. மின்னல் தொடர்பான கூடுதல் பொறுப்பிலிருந்து திரு. செவந்தியப்பன் உடனடியாக விடுவிக்கப்படுகிறார், இனி மேற்படி விஷயத்தில் மாவட்ட அலுவலகமே முடிவெடுக்கும். அலுவலகம் உரக்கடை மாடிக்கு வாடகைக்குப் போனது. புது அதிகாரி வந்தார், தன்னோடு ஒரு பூத்துவாலையும் கொண்டுவந்தார். செவந்தியப்பன் கரூருக்குப் போய்ப் பேரனை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் தூங்கினார்.

சித்திரையில் கோடை மழைக்கு மேகம் கட்டியபோது அவர் வீட்டில் முருங்கைக்காய் பறித்துக்கொண்டிருந்தார். கேட்டுக்கு வெளியே மின்னல் வந்து நின்றது.

"எங்கே?"

"நான் இப்ப அதுல இல்லப்பா" என்றார் செவந்தியப்பன். "உத்தரவு போட்டுட்டாங்க. உரக்கடை மாடியில போய்க் கேளு." அது நகரவில்லை, முனகிக்கொண்டே நின்றது. அவர் அடுத்த காயைப் பறித்தார். அதற்கடுத்ததைப் பறிக்காமல் தொரட்டியைப் பிடித்தபடி நின்றார்.

இந்திராணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "பாவம், நின்னுக்கிட்டே இருக்குல்ல. வேற எங்க விடப்போறீங்க, அந்த இடிஞ்ச ரூமுலதான். அதுக்குள்ள வள்ளிக்கண்ணு ஆடு எதுவும் நிக்கப்போவுது. போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தார். மின்னல் பக்கத்திலேயே வந்தது. பழைய அலுவலகத்தின் நாலு சுவருக்குள் வள்ளிக்கண்ணு ஆடுகளை நிறுத்திவிட்டு நிழலில் உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்து கயிறுகளைச் சேர்த்துப் பிடித்தாள்.

"இன்னமும் நீங்கதான் பாக்குறீங்களாண்ணே?"

"இல்ல, விடுவிச்சுட்டாங்க" என்றார் செவந்தியப்பன். "சும்மா சொல்லிட்டுப் போவோம்னு வந்தேன். அங்கிட்டு வந்துரு."

அவர்கள் ரோட்டைக் கடந்து டீக்கடைத் தார்ப்பாய்க்கு அடியில், ஆடுகளும் ஆட்களுமாக நெருக்கிக்கொண்டு நின்றார்கள். செவந்தியப்பன் திரும்பிப் பார்த்துக் கையைக் காட்டினார். விழுந்தது. டீக்கடையில் இருந்த அத்தனை பேரும், வள்ளிக்கண்ணு உட்பட, காதைப் பொத்திக்கொண்டு "செவந்தி, செவந்தி" என்றார்கள். சொல்லிக்கொள்ள வேறு பேர் இல்லாத செவந்தியப்பன், ஒருவருக்கும் கேட்காமல், "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்றார்.